தாத்தாவின் குடம் மண்டலின்: யாரிடம் கொடுப்பது, என்ன சொல்லிக் கொடுப்பது?

கோவிந்தாபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா போத்தனூர் ரயில்வேயில் இருந்த காலத்தில், ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் கொடுத்துவிட்டுப் போன மண்டலின். முதுகு வீணைக் குடம் மாதிரி உருண்டிருக்கிறது. உள்ளே 'நாப்போலி' (இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம்) என்று அச்சடித்த லேபிள். பின்பக்கப் பட்டைகளில் இரண்டு இடத்தில் பிளேடு நுழையும் அளவுக்கு இடைவெளி, மேல்பலகை கொஞ்சம் அமுங்கியிருக்கிறது, கம்பி, கழுத்தில் பதித்த மெட்டிலிருந்து (ஃப்ரெட்) ரொம்ப உயரத்தில் நிற்கிறது. கோயம்புத்தூரில் ஒரு கிடார் கடையில் காட்டினால், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். 'இதைச் சரிசெய்ய இந்தப் பக்கம் ஆள் உண்டா? செலவழிக்கத் தகுந்ததுதானா?' என்பது கேள்வி.

ஆள் உண்டு, தேடவேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை. தம்பி, இதைப் படித்து முடித்ததும் கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். நாலு ஜோடியாக உள்ள எட்டையும் ஒரேயடியாக அவிழ்க்க வேண்டாம், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சுற்று என்று மாறி மாறி இறக்குங்கள். அவிழ்க்குமுன் குதிரை (மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) நிற்கும் இடத்தின் இரு ஓரத்திலும் பேப்பர் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மண்டலின் குதிரை பசை போட்டு ஒட்டியதில்லை, கம்பி அழுத்தத்தில்தான் நிற்கிறது. கம்பி போனதும் அது விழுந்து, சில வீடுகளில் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் பெட்டிக்குப் போய்விடுகிறது. அப்புறம் நான் புதுக் குதிரை செதுக்க உட்காரவேண்டும்.

நான் சித்தூரில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) வீணை, வயலின் வேலை செய்கிறவன். மண்டலின் எப்போதாவதுதான் வரும். வருகிற குடம் மண்டலின்களில் முக்கால்வாசி வயதால் கெட்டவை இல்லை, தடித்த கம்பி போட்டுக் கெட்டவை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இப்படி ஒன்று கொண்டுவந்தார். சின்னச் சின்னதாகப் பழுது பார்த்து, கடையில் 'மண்டலின் செட்' என்று விற்ற கம்பியை வாங்கி மாட்டி, சுருதி கூட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலமாரியில் வைத்தேன். நன்றாகவே பேசியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் மேல்பலகை குதிரைக்குக் கீழே மடங்கி உள்ளே போயிருக்கிறது, பலகை நடுவில் சத்தம் வரும் ஓட்டையின் ஓரத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. வாத்தியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

காரணம் எளிய கணக்கு. ஒரே நீளம், ஒரே சுருதி என்றால், சாதா எஃகுக் கம்பியின் இழுவை அதன் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மண்டலின் செட்டில் மேல்ஜோடி பதினோரு நம்பர், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினொரு பங்கு. அதற்குப் பதில் ஒன்பது நம்பர் போட்டால் இழுவை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பழைய நேப்பிள்ஸ் மண்டலினில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி ஏறி உட்காரும் துண்டு) குதிரை வரை 330 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அந்த நீளத்தில் பதினோரு நம்பர்க் கம்பி ஒவ்வொன்றும் 9 கிலோவுக்கு மேல் இழுக்கிறது, ஒன்பது நம்பர் 6 கிலோ சொச்சம். எட்டுக் கம்பியையும் கூட்டினால் கனத்த செட் ஏறத்தாழ 70 கிலோ, மெலிந்த செட் 50 கிலோ. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பலகை ஒரு அரிசி மூட்டையைத் தாங்கிக்கொள்ளும். அதற்குமேல் இன்னொரு 20 கிலோ ஏற்றினால்தான் வம்பு.

கடைக்காரர் மேலும் தப்பில்லை. அந்தக் கனத்த செட் வேறு ஜாதி மண்டலினுக்கானது. அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் 1890களில் வயலின் போல மேலும் கீழும் குடைந்தெடுத்த பலகைகளால் மண்டலின் செய்யத் தொடங்கினார். 1898இல் காப்புரிமை வாங்கினார். இன்று உலகம் முழுக்க விற்கும் தட்டை முதுகு மண்டலின்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. அவற்றின் எலும்பு தடித்தது. உங்கள் தாத்தாவுடையது நேப்பிள்ஸ் வழி. அங்கே வினாச்சியா என்ற குடும்பம் பெயர்பெற்றது. அந்தக் குடும்பத்துப் பாஸ்குவாலே வினாச்சியா 1835 வாக்கில் எஃகுக் கம்பி தாங்கும்படி மண்டலினை மாற்றியமைத்தார். அவர் மனத்தில் இருந்த கம்பி மெலிந்த கம்பி.

இந்தப் பக்கம் மண்டலின் என்றாலே எல்லோரும் யூ. ஸ்ரீனிவாஸைத்தான் நினைப்பார்கள். 'அவர் வாசித்த மாதிரி கமகம் வருமா?' என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. அவர் கையில் இருந்தது கட்டை உடம்பு மின்சார மண்டலின். ஜோடிக் கம்பி கிடையாது, ஒற்றைக் கம்பியாக ஐந்து. குடம் மண்டலினில் ஒரு ஜோடியைச் சேர்த்து இழுத்துக் கமகம் காட்டினால் விரலும் நோகும், மெட்டும் தேயும். கர்நாடக சங்கீதம் வாசிக்கத்தான் இதைச் சரிசெய்கிறீர்கள் என்றால் வேண்டாம், அந்தக் காசுக்கு வேறு வாத்தியம் பாருங்கள். இதன் அழகு இரட்டைக் கம்பி அதிர்கிற அந்தச் சிலுசிலுப்பு.

சரி, செலவழிக்கத் தகுந்ததா? லேபிளை வைத்து முடிவு செய்யாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நேப்பிள்ஸிலும் சிசிலியின் கத்தானியாவிலும் குடம் மண்டலின்கள் ஏராளமாகச் செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். கையால் பார்த்துப் பார்த்துச் செய்ததும் உண்டு, திருவிழாக் கடைச் சரக்கும் உண்டு, இரண்டிலும் 'நாப்போலி' என்றுதான் இருக்கும். முதுகில் எத்தனை பட்டை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்பது பத்து அகலப் பட்டை என்றால் பெரும்பாலும் சாதாரணச் சரக்கு, இருபதைத் தாண்டி மெல்லிய பட்டைகள், நடுவில் கீற்றுக் கீற்றாக வேறு நிற மரம் என்றால் ஒருவன் உட்கார்ந்து செய்திருக்கிறான். சாதாரணச் சரக்காக இருந்தால் கூலி அதன் சந்தை விலையைத் தாண்டிவிடும். தாத்தாவுக்காகச் செய்கிறீர்கள் என்றால் அந்தக் கணக்கே வேண்டாம்.

இப்போது அந்த இடைவெளிகள். பட்டைகள் பெரும்பாலும் கருங்காலி நிறத்து ரோஸ்வுட்டாக இருக்கும், நம் ஈட்டி மரத்துக்குச் சித்தப்பா பிள்ளை. சூட்டில் வாட்டி வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, உள்பக்கம் காகிதமோ துணியோ பூசி மூடியிருப்பார்கள். ஒட்டியது வஜ்ரம். பழைய ஆசாரிமார்களைக் கேட்டால் தெரியும், மாட்டுத்தோல் காய்ச்சி எடுத்த பசை, ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவது. கொதிக்கவிடக் கூடாது, 60 டிகிரி போதும்.

நம் ஊர்க் காற்று இந்த வேலைக்கு ஒரு சோதனை. பாலக்காட்டுக் கணவாயில் விருச்சிகக் காற்று இறங்கினால் வீட்டுக் கதவே சுருங்கி ஆடும். மார்கழி, தையில் மரம் காய்ந்து பட்டைகள் விலகும். இடவப்பாதி மழை பிடித்ததும் ஈரம் ஊறி விலகினது தானாக நெருங்கிவிடும். வருஷாவருஷம் இப்படி மூடித் திறந்தால் வஜ்ரம் பொடியாகத்தான் செய்யும். ஆகவே எந்த மாதத்தில் ஒட்டுகிறோம் என்பது முக்கியம். தையில் இடைவெளி அகலமாக இருக்கும்போது மரச்சீவல் வைத்து அடைத்தால், ஆனியில் மரம் உப்பி, அடைப்பு பக்கத்துப் பட்டையைத் தள்ளிவிடும். நல்ல மழையில் ஒட்டினால் விருச்சிகத்தில் வேறு இடத்தில் பிளக்கும். நான் ஆவணி, புரட்டாசியில்தான் இந்த வேலையை எடுப்பேன். அவசரக்காரர்களுக்கு என் பட்டறை சரிப்படாது.

ஒட்டுவது எப்படி என்று ஒருமுறை பார்த்தால் யாரிடம் கொடுக்கலாம் என்பதும் புரிந்துவிடும். முதலில் மண்டலின் உட்கார ஒரு புரிமணை வேண்டும். உருண்டைப் பானையைச் சமையற்கட்டில் எப்படி நிறுத்துவோமோ அப்படி. நான் பழைய வேட்டியைச் சுற்றிச் சும்மாடு கட்டி, அதற்குள் மணல் பை வைத்திருக்கிறேன். குடத்தைக் கவிழ்த்து உட்காரவைத்து, இடைவெளியில் பழைய பசைப்பொடியை ஈரத் தூரிகையால் நெகிழவைத்து எடுப்பேன். அப்புறம் வஜ்ரத்தை நீர்க்க உருக்கி, இடைவெளி வாயில் வைத்து, கட்டைவிரலால் பட்டையை லேசாக அழுத்தி அழுத்தி விடுவேன், பம்பு அடிப்பது போல. பசை உள்ளே இழுத்துக்கொள்வது கண்ணுக்குத் தெரியும். விளிம்பில் ஒரு குமிழ் வந்து உடையும். உடனே சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்த பட்டையால் குடத்தைச் சுற்றி இறுக்கமாகக் கட்டவேண்டும். வஜ்ரம் ஆற இரண்டு நிமிஷம்கூட ஆகாது, அதனால் டியூபும் ஈரத்துணியும் முன்கூட்டியே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். பேசிக்கொண்டே செய்கிற வேலை இல்லை. பிளேடு நுழைகிற இடைவெளி என்றால் அது முழுக்க மூடாது, இறுக்கி மூடவைக்கவும் கூடாது. மிச்சத்துக்கு ஈட்டியில் முடி போலச் சீவி, ரேகை ஓட்டம் பார்த்து, நிரப்பவேண்டும். உள்பக்கம் ஒரு மெல்லிய துணிப்பட்டி ஒட்டுவது தனி வேலை. கை முழுசாக உள்ளே போகாது, வளைந்த கம்பியும் சின்னக் கண்ணாடியும்தான் துணை.

வெள்ளைப் பசை போட்டாலும் அன்றைக்கு ஒட்டும். வில்லங்கம் பத்து வருஷம் கழித்து. வஜ்ரத்தை வெந்நீரும் மெல்லிய கத்தியும் வைத்துத் திறந்துவிடலாம், புது வஜ்ரம் பழைய வஜ்ரத்தின் மேல் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பசை காய்ந்த மரத்தில் அடுத்த பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. சூப்பர் க்ளூ இன்னும் மோசம், கண்ணாடி போல நின்று பக்கத்து மரத்தைப் பிளக்கும். எனக்கு வரும் வேலையில் பாதி நேரம் முன்னால் ஒருவர் அன்போடு பூசியதைச் சுரண்டுவதில் போகிறது. வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் தடவி வைப்பதும் அப்படித்தான், எண்ணெய் ஊறிய மரத்தில் பசை நிற்காது. பூச்சி அரித்திருந்தால் பெட்டிக்குள் மாவு போலத் தூள் விழுந்திருக்கும், அதைப் பார்த்து முதலிலேயே சொல்லிவிடுங்கள், மற்ற வீணைகளுக்குப் பக்கத்தில் வைக்கமாட்டேன்.

மேல்பலகை அமுங்கல். இதைக் கண்டு பயப்படாதீர்கள். நேப்பிள்ஸ் மண்டலினில் குதிரைக்குச் சற்றுப் பின்னால் பலகையைச் சூடாக்கி மடித்திருப்பார்கள், கூரை முகடு போல. அது பழுது இல்லை, பிறவியிலேயே உள்ள மடிப்பு. அதைத் 'தட்டையாக்கித் தருகிறேன்' என்று சொல்கிறவரிடமிருந்து வாத்தியத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பார்க்கவேண்டியது குதிரைக்கும் ஓட்டைக்கும் நடுவில். ஒரு ஸ்கேலைக் குறுக்காக நிறுத்திப் பாருங்கள். லேசான பள்ளம் நூறு வயது வாத்தியத்துக்குச் சகஜம். விரல் முட்டியால் மெல்லத் தட்டும்போது உள்ளே கிலுகிலு என்றால், பலகையை அடியில் தாங்கும் குறுக்குச் சட்டம் விட்டுப்போயிருக்கிறது. அதை ஓட்டை வழியாகவே ஒட்டிவிடலாம், பலகையைக் கழற்றவேண்டியதில்லை. பலகையைக் கழற்றுவது கடைசி வழி. ஓரத்தில் அலங்காரமாகப் பதித்தது செல்லுலாய்டு என்றால் அதன் பக்கத்தில் சூடான கத்தியோ இஸ்திரிப் பெட்டியோ கொண்டுபோகக் கூடாது, குபீரென்று பற்றிக்கொள்ளும்.

கம்பி உயரம் கொஞ்சம் தர்மசங்கடமான விஷயம். பன்னிரண்டாவது மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர் இருந்தால் சுகம், 3 தாண்டினால் கஷ்டம். தண்டிக்குள், அதாவது கழுத்துக்குள், இரும்புக் கம்பி கிடையாது, பத்தாவது மெட்டில் குடத்தோடு சேர்கிறது, வருஷக்கணக்கில் இழுத்த இழுப்பில் முன்னால் சாய்ந்துவிடுகிறது. தண்டியைக் கழற்றித் திரும்ப மாட்டுவது சரியான வைத்தியம், ஆனால் பெரிய அறுவை. சில மண்டலினில் உள்ளே ஆணி வேறு இருக்கும். நான் முதலில் மெலிந்த கம்பி போட்டு ஒரு வாரம் பார்ப்பேன், அதிலேயே கொஞ்சம் இறங்கும். அடுத்து குதிரையைச் சீவுவேன், அளவோடு. ரொம்பச் சீவினால் சத்தம் செத்துவிடும். அதுவும் போதாவிட்டால் மெட்டுப் பலகையைக் கழற்றி அடியில் ஆப்பு போலச் சரிவாகச் சீவிய மரம் வைத்து ஏற்றலாம். பார்வைக்குத் தெரியும், சுத்தவாதிகள் முகம் சுளிப்பார்கள். வாசிக்கிறவருக்கு அது போதும் என்பது என் கட்சி.

கம்பியை முறுக்கும் கீ இறுகியிருந்தால் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய், பல்லில் மட்டும். புதுக் கீ வாங்கி மாட்ட ஓட்டை பெரிதாக்கவேண்டாம், பழைய அளவும் புது அளவும் ஒத்துப்போகாது.

இனி, யாரிடம்? கிடார் கடையில் கேட்டது தப்பில்லை, ஆனால் அது இந்த வேலைக்கு இடமில்லை. பெருவெம்பு பக்கத்தில் இருக்கிறதே என்று சிலர் அங்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள். மிருதங்கமும் செண்டையும் மத்தளமும் கட்டுகிற அற்புதமான கைகள் அவர்களுடையவை, இது அவர்கள் வேலையே இல்லை. வீணை வேலை தெரிந்தவரைத் தேடுங்கள். குடம் குடைவது, மேல்பலகை மூடுவது, மெட்டு உட்காரவைப்பது, தண்டி நேர் பார்ப்பது எல்லாம் அவருக்குப் பழக்கம். தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்ற தொழில், அங்கே தலைமுறையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குறை சொல்லவேண்டும். வீணைக்காரருக்குப் பலாக்கட்டை கை, கனமாக நினைப்பார். இரண்டு மில்லிமீட்டர் பலகையின் அருமை வயலின்காரருக்குத்தான் தெரியும். சர்ச்சுகளில் வயலின் வாசிப்பவர்கள் இருக்கும் ஊர்களில், அவர்கள் வாத்தியத்தை எங்கே கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். திருச்சூர், கொச்சிப் பக்கம் கேட்டால் ஆள் கிடைக்கும்.

போனதும், 'குடம் மண்டலின் செய்திருக்கிறீர்களா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'பட்டை விலகினால் என்ன போட்டு ஒட்டுவீர்கள்?' என்று கேளுங்கள். வஜ்ரம் என்று வந்தால் உட்காருங்கள். 'என்ன கம்பி போடுவீர்கள்?' என்று அடுத்த கேள்வி. 'மெலிந்தது' என்று சொன்னால் போதும், நம்பர் தெரியவேண்டியதில்லை, அதை நீங்கள் சொல்லலாம். 'எப்போது கிடைக்கும்?' என்று கேட்டு 'நாளைக்கு' என்றால் எழுந்துவிடுங்கள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், முதலில் ஒரு சட்டம் ஒட்டுவதை மட்டும் கொடுங்கள். ஒட்டின இடத்தைச் சுற்றி வழிந்த பசையைத் துடைத்திருக்கிறாரா என்று கண்ணாடி விட்டுப் பாருங்கள். யாரும் பார்க்காத இடத்தைத் துடைக்கிறவரிடம் முதுகைக் கொடுக்கலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்பிச் சரிசெய்யலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஓட்டைக்குக் கீழே பதித்திருக்கும் பட்டாம்பூச்சி வடிவம் நிஜ ஆமை ஓடாக இருந்தால் அது அழுங்காமை. இங்கே வனவிலங்குச் சட்டம், அங்கே அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம், இரண்டும் குறுக்கே நிற்கும். பிரேசில் ரோஸ்வுட்டும் 1992 முதல் அதே கெடுபிடியில் இருக்கிறது. வேண்டாத தலைவலி.

கம்பி: நேப்பிள்ஸ் மண்டலினுக்கென்று தனிச் செட் இந்தப் பக்கக் கடைகளில் பார்த்ததில்லை. கிடார் கடையில் தனிக் கம்பியாக வாங்குங்கள். ஒன்பது நம்பர் இரண்டு, பதின்மூன்று இரண்டு, சுற்றுக் கம்பியில் இருபத்திரண்டு இரண்டு, முப்பத்திரண்டு இரண்டு. கிடார் கம்பி நுனியில் ஒரு பித்தளைக் குண்டு இருக்கும், மண்டலினுக்கு வெறும் வளையம்தான் வேண்டும். குண்டைக் குறட்டில் பிடித்து நசுக்கினால் கழன்றுவிடும், வளையம் மிஞ்சும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். சுருதி வயலின் போல ஜி, டி, ஏ, இ. முதல் மாதம் எல்லாவற்றையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கியே வைத்திருங்கள், இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். நம் ஆட்களுக்குச் சுருதி இறக்கி வாசிப்பது புதிதா என்ன.

சரிசெய்தபின் பரணில் வைக்கக் கூடாது, ஓட்டுக்கூரைக்கும் தகரத்துக்கும் கீழே வெயில் காலத்தில் அடுப்புதான். விருச்சிகக் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு சோப்பு டப்பாவில் நாலைந்து ஓட்டை போட்டு, பிழிந்த ஈரப் பஞ்சை அதற்குள் வைத்து, வாத்தியப் பெட்டிக்குள் போடுங்கள். வாரம் ஒருமுறை நனைத்தால் போதும்.

என்னிடம் காட்டவேண்டும் என்றால் முதலில் படம் அனுப்புங்கள்: பக்கவாட்டில் தண்டி முழுக்கத் தெரியும்படி ஒன்று, முதுகில் வெளிச்சம் சாய்வாக விழும்படி ஒன்று, போனை ஓட்டைக்குள் பிடித்து உள்பக்கம் ஒன்று. லேபிள் படம் கடைசியில் போதும். நேரில் கொண்டு வருவதானால் பெட்டிக்குள் குடத்தைச் சுற்றித் துண்டை அடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ரேக்கில் மட்டும் போடாதீர்கள், மீனாட்சிபுரம் ரோட்டில் இப்போது பள்ளம் அதிகம்.